ரோண்டா வாயை மூடிக்கொண்ட வசந்தம்

ரோண்டா சைஸ்மோருக்கு ஆண்டவன் கொடுத்த சொத்து அவள் தொண்டை. ஒக்லஹோமாவில் ஹாக்கெட் கிரீக் என்ற சின்ன ஊரில் இருபது வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறுகிற வண்டியில், கண்ணாடியைப் பார்த்தபடியே "கடைசி சீட்டு, உட்காரு!" என்று ஒரு சத்தம் போட்டாளானால், கடைசி சீட்டுக்காரன் மட்டுமா உட்காருவான்? சாலையோரம் நடந்து போகிறவரும் உட்கார இடம் தேடுவார்.

அவள் புருஷன் டாரல் கேஸ் லாரி ஓட்டுகிறவன். ஒரு நாளைக்கு மூன்று வார்த்தைக்கு மேல் பேசினால் லாரி டேங்க் தீப்பிடித்துவிடும் என்று பயந்தவனைப் போல இருப்பான். அதனால் அந்த வீட்டில் இரண்டு பேருக்கான பேச்சையும் ரோண்டாவே பேசி முடித்துவிடுவாள். குறை சொல்ல முடியாது, நன்றாகவே பேசுவாள்.

ஒரே மகன் டக்கர். பள்ளிக்கூட பேஸ்பால் அணியில் கேட்சர், அதாவது மட்டைக்காரனுக்குப் பின்னால் முகமூடி போட்டுக் குந்திக்கொண்டு, சீறி வருகிற பந்தையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவன். அவனுக்கு எட்டு வயதாக இருக்கும்போது, மட்டையின் விளிம்பில் பட்டு ஒரு பந்து செங்குத்தாக மேலே போயிற்று. அப்படிப் போகிற பந்து கேட்சரின் கண்ணுக்குச் சட்டென்று அகப்படாது. டக்கர் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு வானத்தைத் தேடினான். பந்து அவனைத் தேடி வந்து மூக்கில் இறங்கியது. அன்றிலிருந்து எந்தப் பந்து மேலே போனாலும் ரோண்டா, "டக்கர், பின்னாடி! வேலிப் பக்கம்!" என்றோ "முன்னாடிடா, முன்னாடி!" என்றோ வழி சொல்லிவிடுவாள். அவள் போடுகிற நூறு கூச்சலில் அதுவும் ஒன்று என்பதால் யாரும் அதைத் தனியாகக் கவனித்ததில்லை.

பேஸ்பால் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு வேறு வாழ்க்கை கிடையாது. சைஸ்மோர் தம்பதி கடைசியாகக் கடலைப் பார்த்தது தேனிலவில். அதற்குப் பிறகு கோடை விடுமுறை என்றால் ஏதோ ஒரு ஊரின் மைதானம், ஏதோ ஒரு மோட்டல், காலையில் நடுவில் வேகாத ஒரு வாஃபிள். மடக்கு நாற்காலி, ஐஸ்பெட்டி, வெயிலுக்கு ஒரு கூடாரம், இத்தனையும் இழுத்துப்போக ஒரு குட்டி வண்டி. காரின் பின்சீட்டில் டக்கரின் முழங்கால் கவசம் காயும் வாடை அவர்களுக்குப் பழகிவிட்டது. புதிதாக ஏறுகிறவர்கள்தான் கண்ணாடியை இறக்குவார்கள்.

இதெல்லாம் எதற்கு? கல்லூரிக்கு. டக்கருக்குப் படிப்பு வரவில்லை என்று சொல்லக் கூடாது. வந்தது, ஆனால் அதிக நேரம் தங்கவில்லை. ஏதாவது ஒரு கல்லூரியின் பேஸ்பால் கோச் வந்து, ஆட்டத்தைப் பார்த்து, "இந்தப் பையன் எங்களுக்கு வேணும்" என்று சொன்னால் கல்லூரி. சொல்லாவிட்டால் அப்பாவோடு கேஸ் லாரி. டாரலுக்கு லாரி பிடிக்கும், மகன் அதில் ஏறுவது பிடிக்காது. அந்த ஒரு விஷயத்தை மட்டும் அவன் முழு வாக்கியமாகச் சொல்லியிருக்கிறான்.

மைதானத்தில் ரோண்டாவுக்குப் பரம எதிரி அம்பயர் லைல். வார நாட்களில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். மாலையில் மைதானத்தில் பந்து சரியாக வந்ததா, அதாவது ஸ்ட்ரைக்கா இல்லையா என்று பார்ப்பவர். "லைல்! எங்க வீட்டு மீட்டரையும் இப்படித்தான் பாக்குறியா? அதான் தண்ணி பில்லு இந்த லட்சணத்துல வருது!" என்று ஒரு தடவை அவள் கத்தியதில் மைதானமே சிரித்தது. லைல் அவளை வெளியே அனுப்பினார். அவளும் மரியாதையாக எழுந்துபோய், மைதானத்தின் கடைக்கோடியில், நடுவேலிக்கு அப்பால் ஜனங்கள் பிக்கப் வண்டிகளைப் பின்பக்கமாக நிறுத்திக்கொண்டு ஆட்டம் பார்க்கிற இடத்தில், தன் வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்தாள். அங்கிருந்து கத்தியது லைலுக்கு முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயுள்ள அம்மாவின் பிள்ளை என்ன ஆகும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு மாலை. பள்ளி மைதானத்துத் தின்பண்டக் கடையைப் பெற்றோர்கள் முறை வைத்து நடத்துவது வழக்கம். அன்று ரோண்டாவின் முறை. சோளச் சிப்ஸின் மேல் சூடான சீஸ் ஊற்றிக்கொண்டிருந்தாள். பள்ளி அணியின் கோச் பர்விஸ் வந்தார். ஒரு ஊறுகாய் வெள்ளரி வாங்கினார். போகாமல் நின்றார்.

"ரோண்டா, ஒரு விஷயம். கோவிச்சுக்கக் கூடாது."

"நான் எதுக்கு கோச் கோவிச்சுக்கப் போறேன்? சொல்லுங்க." கோபம் அப்போதே பாதி வந்துவிட்டது.

"துல்சா டோர்னமெண்டுக்கு ஒரு காலேஜ்லேர்ந்து ஆள் வந்திருந்தான்ல? டக்கரை ரொம்பப் புடிச்சிருந்துச்சு. கை நல்ல கைன்னான், தலையும் நல்ல தலைன்னான்."

"அப்புறம் ஏன் போனே வரல?"

பர்விஸ் வெள்ளரியைக் கடித்தார். கடித்ததை மெதுவாக மென்றார். "பையன் வேணும், அவங்கம்மா வேணாம்னுட்டான்."

சிப்ஸ் தட்டு நிரம்பி, மேடை நிரம்பி, சீஸ் ரோண்டாவின் செருப்பில் வழிந்தது.

"பேச்சை முடிக்கிறதுக்குள்ள ஊத்துறதை நிறுத்து ரோண்டா," என்றார் பர்விஸ். "இப்பல்லாம் கோச்சுங்க பையனை மட்டும் பாக்குறதில்ல. பெத்தவங்களையும் பாக்குறாங்க. நாலு வருஷம் எந்த அம்மா அப்பாவோட போனை எடுக்க வேண்டியிருக்கும்னு யோசிக்கிறாங்க."

"டக்கருக்குத் தெரியுமா?"

"தெரியும். 'அம்மாகிட்ட சொல்லாதீங்க கோச், அழுவாங்க'ன்னான்."

அவன் சொன்னது சரிதான். ஐஸ் மெஷினுக்குப் பின்னால் போய் நின்று அவள் அழுதாள். அந்தக் காலேஜ்காரன் சொன்னதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. இத்தனை வாரமாகப் பையன் அதை உள்ளே போட்டுக்கொண்டு, அவள் கத்துகிற ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும், "பசிக்குதும்மா" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். தவளை தன் வாயால் கெடும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே தவளைக்கு ஒன்றும் ஆகவில்லை, குஞ்சு கெட்டது.

அன்று சாப்பாட்டு மேஜையில் அவள் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "இனிமே கிரவுண்டுல என் வாயிலேர்ந்து ஒரு சொல்லு வராது. இது சத்தியம்."

டக்கர் அப்பாவைப் பார்த்தான். டாரல் யோசித்துப் பார்த்தான்.

"முடியாது," என்றான்.

முடியும் என்று காட்ட அவள் சூரியகாந்தி விதை வாங்கினாள். வாய் நிறைய விதையை அடைத்துக்கொண்டால் கத்த முடியாது. கத்தினால் முன்னால் இருப்பவன் மேல் தெறிக்கும். முதல் ஆட்டத்தில் இரண்டு பொட்டலம் காலி. உப்பில் உதடு வெந்துபோயிற்று. ஆனாலும் ஒரு சொல் வரவில்லை.

மறுநாள் அவள் வீட்டு வாசலில் சர்ச்சிலிருந்து மூன்று பெண்கள், ஆளுக்கொரு தட்டில் அடுப்பில் சுட்ட கேசரோலோடு நின்றார்கள். ஹாக்கெட் கிரீக்கில் ஒரு வீட்டுக்குக் கேசரோல் வந்தால், ஒன்று அங்கே யாரோ செத்திருக்க வேண்டும், இல்லை சாகக் கிடக்க வேண்டும்.

"டாக்டர் என்னடி சொன்னார்?" என்று கண் கலங்கக் கேட்டாள் ஒருத்தி.

"எந்த டாக்டர்?"

"தொண்டைதானே? நாங்க எல்லாம் ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கோம்."

அவள் எவ்வளவு சொல்லியும் அவர்கள் நம்பவில்லை. தட்டுகளை வைத்துவிட்டு, கட்டிப்பிடித்து, தைரியம் சொல்லிவிட்டுப் போனார்கள். சைஸ்மோர் வீட்டில் அந்த வாரம் முழுவதும் உருளைக்கிழங்கும் சீஸும்தான்.

லைலின் பாடு அதைவிட மோசம். அடுத்த ஆட்டத்தில், தரையை உரசிக்கொண்டு வந்த ஒரு பந்தை ஸ்ட்ரைக் என்றார். சொல்லிவிட்டுத் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. திரும்பிப் பார்த்தார். ரோண்டா விதைத் தோலைக் கோப்பையில் துப்பிவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவருக்கு எது ஸ்ட்ரைக், எது இல்லை என்பதே பிடிபடவில்லை. இன்னிங்ஸ் இடைவேளையில் வேலியோரம் வந்து, "ஏதாவது சொல்லித் தொலையேன் ரோண்டா, பயமா இருக்கு," என்றார் தணிந்த குரலில்.

ஏப்ரல் கடைசியில் சேதி வந்தது. மேற்குக் கன்சாஸில் ஒரு சின்னக் கல்லூரி. அதன் கோச் ஆஸ்ட்ரண்டர் டக்கரைப் பார்க்க வருகிறார். பள்ளியின் கடைசி வாரங்கள். இதை விட்டால் வேறு யாரும் வரப்போவதில்லை என்று பர்விஸ் சொல்லிவிட்டார்.

ரோண்டாவுக்குத் தன் மேலேயே நம்பிக்கை இல்லை. கோச் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் விதையாவது, சத்தியமாவது? ஆகையால் அவளே தன்னை வெளியேற்றிக்கொண்டாள். நடுவேலிக்கு அப்பால் பிக்கப்பை நிறுத்தி உள்ளே உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக்கொண்டாள். நம்ம பையன்கள் ரன் எடுக்கும்போது அந்த வரிசையில் எல்லா வண்டியும் ஹார்ன் அடிக்கும். அதற்கு யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். முதல் ரன் வந்ததும் அவள் ஆசையோடு ஹார்ன் மேல் சாய்ந்தாள். சத்தமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாரலைப் பார்த்தாள். அவன் சட்டைப்பையிலிருந்து ஹார்னின் ஃப்யூஸை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி பையில் போட்டுக்கொண்டான்.

"பாவி மனுஷா," என்றாள்.

எதிர்க்கோடியில், கேட்சருக்குப் பின்னால் இருக்கும் கம்பிவலை வேலியை ஒட்டி, ஒரு தொப்பிக்காரர் ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக உட்கார்ந்திருந்தது சின்னதாகத் தெரிந்தது. டக்கருக்கு அன்று ஆட்டம் கூடிவரவில்லை. இரண்டாவது இன்னிங்ஸில் மடியில் விழவேண்டிய பந்தைக் கால் நடுவே விட்டான். ஒவ்வொரு இடைவேளையிலும் முகமூடியைத் தூக்கிவிட்டுக் கேலரியைப் பார்த்தான். எதையோ எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறவனைப் போலப் பார்த்தான். தொப்பிக்காரர் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"போச்சு," என்றாள் ரோண்டா. கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் அது டாரலின் காதை அடைத்தது.

கடைசி இன்னிங்ஸ். ஹாக்கெட் கிரீக் ஒரு ரன் முன்னால். எதிர் அணியில் இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. ஒருவன் மூன்றாவது பேஸில் நின்றுகொண்டு, ரன் எடுக்க டக்கர் இருக்கும் முனைக்கு ஓடத் துடிக்கிறான். பந்து போட வந்தவன் 'போ' என்ற பெயருடைய ஒன்பதாம் வகுப்புப் பையன். இவ்வளவு பெரிய ஆட்டத்தை அவன் பார்த்ததே இல்லை. போட்டான். மட்டைக்காரன் சுழற்றினான். பந்து விளிம்பில் பட்டு நேராக மேலே போயிற்று.

அந்த மாதிரி நேரத்தில் பந்து போட்டவன்தான் கையை நீட்டி, இங்கே என்று கத்த வேண்டும். அந்தச் சின்னப் பையனோ வாயைப் பிளந்துகொண்டு நின்றான். டக்கர் முகமூடியை எறிந்தான். சாய்வெயில் கண்ணில் அடித்தது. ஒரு சுற்று சுற்றினான், முன்னால் ஒரு அடி வைத்தான். பந்தோ பின்னால், வலையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. தவறான பக்கம்! ரோண்டாவுக்கு எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தது. எட்டு வயது மூக்கும் தெரிந்தது.

வண்டிக் கதவு எப்போது திறந்தது என்று டாரலுக்கே தெரியாது.

"டக்கர்! பின்னாடிடா! வேலி! வேலி!"

மைதானத்தின் முழு நீளத்தையும் அந்தக் குரல் ஒரே தாண்டாகத் தாண்டியது. பக்கத்துப் பிக்கப்பில் ஒரு நாய் படுத்துக்கொண்டது. டக்கர் வானத்தைப் பார்க்கவே இல்லை. அப்படியே திரும்பி ஓடினான், வலையில் தோளை மோதினான், கையை நீட்டினான். பந்து கையுறையில் வந்து உட்கார்ந்தது. லைல், எதற்கோ நன்றி சொல்கிறவரைப் போல, "அவுட்!" என்று அலறினார்.

ஆட்டம் முடிந்தது. எல்லா வண்டியும் ஹார்ன் அடித்தது. ரோண்டா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு வண்டிப் படியில் உட்கார்ந்து விம்மினாள். "கெடுத்துட்டேன் டாரல். கடைசி நிமிஷத்துல கெடுத்துட்டேன்."

தொப்பிக்காரர் எழுந்தார். டக்கரிடம் போகவில்லை, பர்விஸிடமும் போகவில்லை. மைதானத்தின் நடுவே நேராக நடந்து, நடுவேலிக்கு வந்து நின்றார்.

"இங்க யாரு கத்தினது?"

டாரல் எழுந்து நின்றான். தொண்டையைச் செருமினான். "நான்தான் சார்."

கோச் ஆஸ்ட்ரண்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியா? எங்கே, இன்னொரு தடவை கத்துங்க பாப்போம்."

டாரல் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டான். "பின்னாடி," என்றான்.

படுத்திருந்த நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை. இருபத்தோரு வருஷக் கல்யாணத்தில் ரோண்டா அவனை அவ்வளவு விரும்பியதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான்தாங்க. அவன் அம்மா. என் வாய்க்கு அவனைத் தண்டிக்காதீங்க. அவன் நல்ல புள்ள. வேணும்னா நான் உங்க கன்சாஸ் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

கோச் வேலிக் கம்பியில் கையை ஊன்றிக்கொண்டார். "மேடம், முப்பது வருஷமா பசங்களைப் பாக்குறேன். 'பின்னாடி'ன்னு சொன்னா, எல்லாப் பயலும் முதல்ல நின்னு, நிஜமாவான்னு திரும்பிப் பார்ப்பான். அதுக்குள்ள பந்து விழுந்துடும். உங்க பையன் கண்ணால பாக்காம ஓடினான். சொன்னதை நம்பி ஓடுறவனுக்கு மிச்சத்தை நான் கத்துக்கொடுத்துக்குவேன்."

"அப்படின்னா..."

"எடுத்துக்கறேன். ஆனா ஒரு நிபந்தனை. எங்க கிரவுண்டுல நீங்க வாயைத் தொறக்கக் கூடாது. இருமினாக்கூடப் பையன் பெஞ்சுலதான் உக்காருவான்."

"சரிங்க," என்றாள் ரோண்டா. அந்த ஒரு சொல் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்டிருக்கும்.

கோச் போனபிறகு டக்கர் உடம்பெல்லாம் புழுதியோடு வந்தான். அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவனே கேட்டான்: "ஆட்டம் முழுக்க எங்கேம்மா போயிருந்த? வீட்டுக்குப் போயிட்டியோன்னு நெனச்சேன்."

"உனக்காகத்தானேடா வாயை மூடிக்கிட்டிருந்தேன்."

"ஒண்ணுமே ஓடல எனக்கு," என்றான். அப்புறம், "பசிக்குதும்மா," என்றான்.

ஆகஸ்டில் அவனைக் கன்சாஸில் விட்டுவிட்டு வந்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் ரோண்டா பேசவில்லை. டாரல் பயந்துபோய், தானாகவே வானிலையைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசினான்.

அடுத்த வசந்தத்தில் டக்கர் முதன்முதலாகக் கல்லூரிக்காகக் கேட்சராக இறங்கிய நாளில் அவர்கள் எட்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு போனார்கள். கேலரியின் கடைசி வரிசை. ரோண்டாவின் வாய் நிறைய விதை. சுற்றிலும் இருந்த அம்மாக்கள் எல்லாம் வாழ்த்துச் சொல்லிக் கை தட்டினார்கள், இவள் தலையை மட்டும் ஆட்டினாள். "பாவம், பேச வராது போல," என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. டாரல் சிரிப்பை அடக்கப் படாத பாடுபட்டான்.

கன்சாஸில் காற்று எப்போதும் வீசும். அன்று அதற்கும் மேலே வீசியது. ஐந்தாவது இன்னிங்ஸில் ஒரு பந்து மட்டை விளிம்பில் பட்டு மேலே போயிற்று. போனது காற்றில் மாட்டிக்கொண்டது. பந்து போட்டவன் ஒரு பக்கம் கையைக் காட்டினான், பக்கத்தில் நின்றவன் இன்னொரு பக்கம் காட்டினான். டக்கர் முகமூடியை எறிந்துவிட்டுச் சுற்றினான், மறுபடி சுற்றினான். ரோண்டா தன் கையைத் தானே கடித்துக்கொண்டாள். நிபந்தனை நிபந்தனைதான். அவன் பெஞ்சில் உட்காரக் கூடாது.

வீரர்கள் உட்காருகிற கொட்டகையிலிருந்து கோச் ஆஸ்ட்ரண்டர் வெளியே ஓடிவந்தார். வானத்தைப் பார்த்தார், அவருக்கும் பந்து தெரியவில்லை. சட்டென்று கேலரிப் பக்கம் திரும்பி, கடைசி வரிசையைப் பார்த்து, நரம்பு புடைக்கக் கத்தினார்:

"மேடம்! இன்னும் எதுக்குக் காத்துக்கிட்டிருக்கீங்க?"

வாயிலிருந்த விதை முழுக்க முன்வரிசைக்காரரின் கழுத்தில் இறங்கியது.

"முன்னாடிடா டக்கர்! முன்னாடி!"

பேச வராத பெண் என்று பரிதாபப்பட்டவள் பெஞ்சிலிருந்தே சறுக்கிவிட்டாள். டக்கர் முன்னால் பாய்ந்து, மண்ணில் மண்டியிட்டுக் கையை ஏந்தினான். காற்று போனால் போகிறதென்று பந்தை அதில் போட்டது.

அவன் எழுந்தான். கடைசி வரிசையைத் தேடிக் கண்டுபிடித்து, பந்தைத் தூக்கிக் காட்டினான். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, உதட்டில் ஒரு விரலை வைத்து, உஷ் என்றான்.

அதற்கு மட்டும் அவள் கட்டுப்படவில்லை.